அடிஸ் அபாபாவில் ஒரு பள்ளி இருந்தது

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேஜைக்கு வந்தவள் அவள்.

"ஆன்ட்டி, இப்பல்லாம் ஸ்கூல் பேரை டைப் பண்ணா ரெண்டு செகண்டுல எல்லாம் வந்துடுது. நீங்க இன்டர்நெட்டே இல்லாம எப்படி வெரிஃபை பண்ணீங்க?"

"லெட்டர் போடுவோம், பதில் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுவோம்" என்றேன். போனை வைத்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. பதிலே வராத கடிதங்கள் உண்டு. போய்ச் சேர வேண்டிய இடமே இல்லாமல் திரும்பி வந்த கடிதங்களும் உண்டு. அப்படித் திரும்பி வந்த ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ஹூஸ்டனில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகத்தில், வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பரிசோதிக்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். வேலூரில் கணிதம் படித்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் கணவர் ஆல்பர்ட்டோடு இங்கே வந்தவள் நான். அவருக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை. ஹூஸ்டனுக்கு வெளியே கேட்டி என்ற ஊரில் வீடு. அப்போது அங்கே வீடுகளைவிட நெல்வயல்கள்தான் அதிகம். ஒரு வருடம் வீட்டில் இருந்தேன், ஒரு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மூன்றாவது வருடம் இந்தப் பிரிவில் சேர்ந்தேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. மிஸஸ் ஹாலோவேயின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான்.

மிஸஸ் ஹாலோவே எங்கள் பிரிவின் தலைவர். நல்ல உயரம், வெள்ளை முடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. ஒரு சான்றிதழ் வந்தால் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். மடிப்புகள், மை ஊறிய தடம், முத்திரை அழுந்திய மேடு. அதன் பிறகு முன்பக்கத்து முத்திரை, கையெழுத்துகள், தேதிகள் என்று வரிசையாகப் போவார். மதிப்பெண்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. அந்த இடத்தை அதுவரை ஒரு வெள்ளைத்தாளால் மூடி வைத்திருப்பார். "மார்க்கை முதலில் பார்த்தால் அந்தப் பிள்ளையைப் பிடித்துவிடும், இல்லையென்றால் பிடிக்காமல் போய்விடும். அப்புறம் தாளைப் பார்க்க முடியாது" என்பார்.

பார்த்ததை எல்லாம் ஒரு மஞ்சள் தாளில் பென்சிலால் எழுத வேண்டும். 'படிக்க முடியவில்லை' என்று எழுதலாம், 'தெரியவில்லை' என்றும் எழுதலாம். ஊகித்து எதையும் எழுதக் கூடாது. பிழை செய்தால் அவர் திட்ட மாட்டார். தாளை என் பக்கம் தள்ளி, "இன்னொரு தடவை பார்க்கலாமா, எஸ்தர்?" என்பார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜனவரியில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் விடுப்பு. நிராகரிப்புக் கடிதங்களில் கையெழுத்திடும் பொறுப்பை முதல்முறையாக என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை.

அந்த மூன்று வாரத்தில் என் மேஜைக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்று அல்மாஸ் என்ற எத்தியோப்பியப் பெண்ணுடையது. முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்ப்பதாகவும், நர்சிங் படிக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தாள். பிறந்த வருடம் 1956. அடிஸ் அபாபாவில் 'அராக்ஸி ஆங்கிலப் பள்ளி' என்ற தனியார் உயர்நிலைப் பள்ளியில் படித்ததற்கான பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை இணைத்திருந்தாள். அதில் போட்டிருந்த வருடம் 1966.

பத்து வயதில் பன்னிரண்டாம் வகுப்பு. நான் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. 'சான்றிதழில் உள்ள தேதி சாத்தியமற்றது. ஏற்க இயலாது' என்று டைப் செய்து, மையில் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஐந்து நாள் கழித்து அவளே நேரில் வந்தாள். ஒல்லியான பெண். முதியோர் இல்லத்து நீலச் சீருடையோடு வந்திருந்தாள். ஆங்கிலத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பேசினாள்.

"இதில் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"ஆமாம்."

"நான் பொய் சர்டிஃபிகேட் கொடுத்திருக்கேன்னு நினைக்கிறீங்களா?"

"வருஷத்தைப் பாருங்க. அறுபத்தாறுல உங்களுக்குப் பத்து வயசுதான்."

அவள் என் தலைக்கு மேல் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். "அது உங்க காலண்டர். எங்க நாட்டுல இப்போ எழுபத்தேழாம் வருஷம் நடக்குது. வருஷத்துக்குப் பதிமூணு மாசம். உங்க கணக்குல நான் எழுபத்துநாலுல முடிச்சேன். அப்போ எனக்குப் பதினெட்டு வயசு."

எங்கள் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். எத்தியோப்பியா பக்கத்தின் அடிக்குறிப்பில் அது அச்சாகியிருந்தது. அடிக்குறிப்பை நான் படித்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த லெட்டர் என் ஃபைல்ல இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அகதியாக இங்கே வந்தபோது கொடுத்த தாள்களில் பன்னிரண்டாவது முடித்தவள் என்று எழுதியிருக்கிறாளாம். நாளைக்கு கிரீன் கார்டு விஷயத்தில் யாராவது இந்தக் கடிதத்தைப் பார்த்தால் அவளையே பொய்க்காரி என்பார்களே என்று பயந்தாள். கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் நம்பரை எழுதிக்கொண்டேன்.

மிஸஸ் ஹாலோவே கைத்தடியோடு வேலைக்குத் திரும்பிய அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தின் நகலை இரண்டு முறை படித்தார். "சரி, தேதி தீர்ந்தது. இப்போது பள்ளியைப் பார்க்கலாம்" என்றார்.

பள்ளிதான் கிடைக்கவில்லை. கையேட்டின் பட்டியலில் அப்படி ஒரு பள்ளியே இல்லை. அல்மாஸ் நவம்பரில் விண்ணப்பித்த மறுவாரமே நடைமுறைப்படி அடிஸ் அபாபா முகவரிக்கு எங்கள் அலுவலகம் அனுப்பியிருந்த கடிதம், அந்த முகவரியில் யாரும் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அவளிடம் இருந்த அரசுத் தேர்வின் மதிப்பெண் சீட்டு, சூடான் எல்லையை நடந்து கடந்தபோது மழையில் கூழாகிவிட்டதாம். நர்சிங் வகுப்புக்குப் பெயர் கொடுக்க பிப்ரவரி கடைசி நாள் கெடு. மூன்று வாரம்தான் மீதம்.

மிஸஸ் ஹாலோவே அவளை அழைத்து, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கென்று ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது, அதை எழுதிவிட்டு அடுத்த வருடம் வரலாமே என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அல்மாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கணும்னா, நான் பள்ளி முடிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் முடிச்சிருக்கேன் மேடம்" என்றாள்.

அவள் போன பிறகு மிஸஸ் ஹாலோவே ஃபைலை என் பக்கம் தள்ளினார். "இன்னொரு தடவை பார்க்கலாமா, எஸ்தர்?"

மறுநாள் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். பின்பக்கம் சரி. முத்திரை சரி. கையெழுத்துகள் இரண்டு. ஒன்று தலைமையாசிரியையுடையது, எனக்குத் தெரியாத ஏதோ லிபியில் வளைந்து வளைந்து போனது. இன்னொன்று வகுப்பாசிரியருடையது. அதற்கு நேராக என் மஞ்சள் தாளில் 'படிக்க முடியவில்லை' என்று நானே எழுதி வைத்திருந்தேன். கண்ணாடியை அதன் மேல் வைத்தேன். ஒரு சுழி, ஒரு கொம்பு, ஒரு புள்ளி.

'ம. தேவசகாயம்.'

தமிழ். வேகமாகப் போட்ட கையெழுத்து, ஆனால் சந்தேகமில்லாமல் தமிழ். என் தாய்மொழியையே படிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

மிஸஸ் ஹாலோவேயின் அறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் நெடுநேரம் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "முதல் தடவை ஏன் தெரியவில்லை?"

"எத்தியோப்பியத் தாளில் தமிழ் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை."

"அதையும் மஞ்சள் தாளில் எழுதிவிடுங்கள்" என்றார்.

அல்மாஸிடம் கேட்டபோது, "மிஸ்டர் தேவா! ஜியாமெட்ரி எடுத்தவர்" என்று உடனே சொன்னாள். இந்தியர் என்பதைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிறு, மாதம் ஒருமுறை நடக்கும் எங்கள் தமிழ் ஆராதனை முடிந்ததும், காபி ஊற்றும் இடத்தில் நின்று வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். மெர்சி ஆன்ட்டி கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வடக்க, பிஸ்கட்டவேங்கற ஊர்ல வசந்தான்னு ஒருத்தி இருக்கா. அவ அப்பா எத்தியோப்பியாவுல வாத்தியாரா இருந்தவர்தான். இப்ப மக கூடத்தான் இருக்கார். நம்பர் தரேன். ஆனா அவர் யார்கிட்டயும் அதிகம் பேசமாட்டாராம்."

வசந்தாவும் அதையேதான் சொன்னாள். "அந்த ஊரப் பத்தி மட்டும் அப்பா பேசவே மாட்டாங்க. நீங்க வேணா ட்ரை பண்ணிப் பாருங்க." பிறகு கனத்த குரல் ஒன்று, அசல் பாளையங்கோட்டைத் தமிழில்.

"யாரு பேசுதது?"

"சார், ஹூஸ்டன்லேர்ந்து எஸ்தர் பேசறேன். ஒரு யுனிவர்சிட்டில வேலை பார்க்கறேன். நீங்க அடிஸ் அபாபாவுல, அராக்ஸி ஸ்கூல்ல..."

நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"அந்தப் பேர உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "எந்த அல்மாஸ்? அந்த ஊருல வகுப்புக்கு மூணு அல்மாஸ் உண்டு. அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணு கேளுங்க. மழைக்காலத்துல நான் எப்படிப் பாடம் எடுப்பேன்னு கேளுங்க. அப்புறம் பேசுவோம்."

அல்மாஸுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பேசவே மாட்டார்! தகரக் கூரை. ஆலங்கட்டி விழுந்தா பக்கத்துல இருக்கறவங்க பேசறதுகூடக் கேட்காது. எல்லாத்தையும் போர்டுல எழுதுவார். சந்தேகம் இருந்தா நாங்களும் எழுந்து போய் போர்டுலதான் எழுதணும். அவர் அதுக்குக் கீழே பதில் எழுதுவார்."

இதைச் சொன்னதும் தேவசகாயம் சார் ஒருமுறை இருமினார். அதன் பிறகு அவரை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. மூன்று நாள், தினமும் மத்தியானம் போனில் பேசினார். நான் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் மேடம் அராக்ஸி என்ற ஆர்மீனியப் பெண்மணி. அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் இறந்த பிறகு வீட்டு முன்னறையில் பதினோரு பெண்களுக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாததால் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர்களுடைய தம்பி தங்கைகள் வந்தார்கள். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் ஒரு தகரக் கட்டடம், பிறகு இரண்டு, பிறகு மூன்று. உயர்நிலை வகுப்புகளுக்கு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். அப்படிப் போனவர்தான் தேவசகாயம் சார். பாளையங்கோட்டை வெயிலிலிருந்து கிளம்பிப் போனவர், முதல் வாரம் கோட்டுக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு வகுப்பெடுத்திருக்கிறார். தினமும் காலையில் மேடம் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லிக் கை கொடுப்பாராம். சக்கரவர்த்தியின் ஆட்சி கவிழ்ந்த மறு வருடம், தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது, ஜீப்பில் வந்தவர்கள் அலுவலக அறையைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தை மட்டும் முடித்துக்கொள்கிறேன் என்று மேடம் கேட்டார். முடித்தார். ஒரு பெட்டியோடு போனார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. பெயர்ப்பலகையில் 'முன்னேற்றம்' என்று பொருள் தரும் வேறு பெயர் வந்தது. பிறகு வகுப்புகள் வேறு இடத்துக்குப் போய், அந்தக் கட்டடத்தில் ஏதோ அலுவலகம் வந்தது.

"அப்போ ரெக்கார்ட்ஸ் எதுவும் இல்லையா சார்?"

"ஒண்ணு இருக்கு. கடைசியா படிச்சு முடிச்ச பன்னிரண்டாம் வகுப்போட ரிஜிஸ்டர். வீட்டுல வச்சு எழுதிக்கிட்டிருந்தேன். ஆபீஸப் பூட்டின பொறவு யார்ட்ட குடுக்கன்னு தெரியல. பெட்டிக்கு அடியில போட்டு ஊருக்குக் கொண்டாந்துட்டேன். பத்து வருசமா திருடின பொருள் மாதிரி கூடவே கிடக்கு."

என் சந்தோஷத்துக்கு அளவில்லை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள் என்றேன். அவர் மறுத்துவிட்டார்.

"இருபத்தாறு பிள்ளைக பேரு இருக்கும்மா. சில பேர வீட்டுலேருந்து கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரல. சில பேரு இன்னும் அங்கதான் பயந்து பயந்து இருக்காங்க. இந்தப் பக்கம் ஒரு மெஷின்ல போச்சுன்னா அப்புறம் யார் கையில போகும்னு உங்களால சொல்ல முடியுமா? அல்மாஸ் வரிய மட்டும் தாரேன். மத்தத மறைச்சுத்தான் தருவேன்."

அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மிஸஸ் ஹாலோவே தலையை ஆட்டினார். "பாதி மறைத்த பக்கத்தை நாம் ஏற்றதே இல்லை. யாருக்காகவும் இல்லை." நான் முதல்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். "அப்போ அவள் கதி என்ன? முதல் தப்பு நான் செய்தது!"

அவர் கோபப்படவில்லை. விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, சங்கிலிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கால்மணி நேரம் பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு ஒரு பத்தியில் விரலை வைத்தார். அலுவலர் ஒருவர் மூல ஆவணத்தை நேரில் பரிசோதித்துக் கையெழுத்திட்டால் நகல் தேவையில்லை. அவர் அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் பயன்படுத்தாத விதியாம் அது. "தாள் நம்மிடம் வர முடியாது என்றால் நாம் தாளிடம் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் பயண விண்ணப்பத்தை எடுத்து என் பெயரை எழுதினார்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் பிஸ்கட்டவேக்குப் போனேன். எங்கும் பனி. வசந்தா ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப் போனாள். கதவைத் திறந்த அவள் மகள் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "தாத்தா, யுவர் ஸ்கூல் லேடி இஸ் ஹியர்!" என்று கத்தினாள். வீட்டுக்குள்ளேயே கோட்டும் டையும் அணிந்து தேவசகாயம் சார் நின்றிருந்தார். தலையணை உறை ஒன்றிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து மேஜையில் வைத்தார்.

வரிசைப்படிதான் பார்த்தேன். பின் அட்டை, தையல், முத்திரை, கையெழுத்துகள், தேதிகள். மதிப்பெண் பகுதியை வெள்ளைத்தாளால் மூடியிருந்தேன். கடைசியில் தாளை விலக்கி, பதினான்காம் எண்ணுக்கு நேரே இருந்த மதிப்பெண்களைச் சான்றிதழோடு பாடம் பாடமாக ஒப்பிட்டேன். எல்லாமே பொருந்தின. பெயர்களுக்கு இடதுபுறம் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் இருந்தன. சிலவற்றுக்கு டிக், சிலவற்றுக்குச் சிலுவை, பெரும்பாலானவற்றுக்குக் கேள்விக்குறி. பதினான்காம் எண்ணுக்கும் கேள்விக்குறிதான். "இங்க வந்த பொறவு கேள்விப்பட்டத வச்சுப் போட்டது" என்றார். 'ஓரத்தில் பிற்காலத்துப் பென்சில் குறிகள் உள்ளன' என்று அதையும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த அறிக்கை பிப்ரவரி இருபத்தாறாம் தேதி ஃபைலில் சேர்ந்தது. அல்மாஸுக்கு இடம் கிடைத்தது. நான்கு வருடம் படித்து முடித்து, ஹூஸ்டனிலேயே குழந்தைகள் வார்டில் நர்சாகச் சேர்ந்தாள். என் முதல் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மிஸஸ் ஹாலோவே சம்மதிக்கவில்லை. "நாம் அனுப்பியதுதானே" என்றார். அதன் ஓரத்திலேயே, இது என் பிழை, எத்தியோப்பிய நாட்காட்டியை நான் கவனிக்கவில்லை என்று மையில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். எழுதினேன். சார் சொன்ன பள்ளி வரலாற்றை ஆறு பக்கமாக டைப் செய்து எங்கள் அலமாரியில் வைத்தேன். அடுத்த சில வருடங்களில் அதே பள்ளியிலிருந்து இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். யாருக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு அதிகம் நினைவில் நிற்பது பிஸ்கட்டவேயின் அந்த மத்தியானம்தான். நான் பேனாவை மூடியதும் சார் கேட்டார்: "உங்க வேலை முடிஞ்சுதா? இனிம நான் இதுல எழுதலாமா?"

"எழுதலாம் சார்."

"அப்போ அந்தப் பிள்ளைக்குப் போனப் போடுங்க."

அல்மாஸ் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். வரவழைத்து ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். நலம் விசாரிப்பார் என்று நினைத்தேன். அவர் அதற்கெல்லாம் போகவில்லை. போன் ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். பென்சிலையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்து, ஆங்கிலத்தில், வகுப்பறைக் குரலில், முதல் பெயரை வாசித்தார்.

"டொரோன்டோவில் இருக்கான் சார். டாக்ஸி ஓட்டறான்."

கேள்விக்குறியை அழித்துவிட்டு டிக் போட்டார். இரண்டாவது பெயர்.

"தெரியாது சார்."

அப்படியே விட்டார். மூன்றாவது. "ஃப்ராங்க்ஃபர்ட் சார், கல்யாணமாகி ரெண்டு குழந்தை." நான்காவது பெயர். "சிறைக்குள்ளேயே சார்" என்றாள். அவர் அழித்துவிட்டு மெல்ல ஒரு சிலுவை போட்டார். அடுத்த பெயரை வாசித்தார். வசந்தா சமையலறை வாசலில் கையில் காபியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இவர்கள் யாரையும் பற்றி அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

பதின்மூன்று முடிந்தது. பதினான்காம் எண் வந்தபோது சார் அதைத் தாண்டிப் போகவில்லை. மற்ற பெயர்களைப் போலவே அவள் பெயரையும், அவள் அப்பா பெயரையும் சேர்த்து, முழுதாக, உரக்க வாசித்தார்.

ஸ்பீக்கரில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் குரல்.

"பிரசென்ட், சார்."

அவர் கேள்விக்குறியை அழித்தார். தூசியை ஊதிவிட்டு டிக் போட்டார். பிறகு பதினைந்தாவது பெயரை வாசித்தார்.